காப்புக் கட்டிய கையோடு மதுரைக்கு

ஒரு கூரைக்குக் கீழே இரண்டு பேர் இருந்து, அவர்களுக்குள் பேச்சு இல்லாமல் போனால், அந்த வீட்டில் இருப்பதைவிடக் காட்டில் இருக்கலாம். காட்டிலே காற்றாவது பேசும். அப்படி ஒரு வீட்டில் நான் இருந்தேன்.

அம்மனை நம்பி இதை வாசிக்கிற அக்கா தங்கைமாரே, அண்ணன் தம்பிமாரே, என் பெயர் சீனியம்மாள். வீரபாண்டிக்கு அடுத்த ஊரில், முல்லையாற்றங்கரையில் வாழ்க்கைப்பட்டவள். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதற்குமேல் தெரிந்ததெல்லாம் பிறர் பேசக் கேட்டதும், கிடைத்த காகிதத்தை எழுத்துக்கூட்டி வாசித்ததும்தான். அதனால் எழுத்தில் குற்றம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் குற்றம் இல்லை. அது ஆத்தா நடத்தினது.

இது யுத்தம் வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி. போடி ரயில் ஓடிக்கொண்டிருந்த காலம். இப்போது அந்தத் தண்டவாளத்தையும் யுத்தத்துக்கென்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

என் வீட்டுக்காரர் மேகமலையில் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர். ஆவணி மாதம் காய்ச்சலோடு டோலியில் தூக்கி வந்தார்கள். சின்னமனூர் வந்து சேரும்போது உயிர் இல்லை. அப்போது நான் பிள்ளைத்தாய்ச்சி. ஐப்பசி அடைமழையில், நாள் கணக்கு நிறையும் முன்பே எனக்கு நோவு கண்டது. பிரசவம் பார்க்கிற அம்மாள் இருந்தது ஆற்றுக்கு அந்தக் கரையில். ஆறு இரு கரையும் புரண்டு போனது. பரிசல்காரன் கையை விரித்துவிட்டான். என் மாமியார் ஒருத்திதான் பக்கத்தில். நான் மயங்கிப்போனேன். கண் விழித்தபோது பிள்ளை இல்லை. வயிற்றிலேயே இறந்து பிறந்தது என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். ஆணா பெண்ணா என்று கேட்டேன். ஆண் என்றாள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அன்றிலிருந்து மாமியார் என்னோடு பேசவில்லை.

சண்டை போட்டுப் பேசாமல் போனால் ஒருநாள் சண்டை போட்டாவது பேசிக்கொள்ளலாம். இது அப்படி இல்லை. உலை வைப்பார், சோறு வடிப்பார், எனக்கும் ஒரு வட்டிலில் போட்டு வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொள்வார். "மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்" என்பார்கள். நான் உடைத்தது எதுவென்று சொல்லியிருந்தால் ஒட்டவைக்கவாவது பார்த்திருப்பேன். மகனைத் தின்றவள், பேரனைத் தின்றவள் என்று மனசுக்குள் வைத்திருக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். ஊரும் அதையே நினைத்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஆண்டிபட்டியிலிருந்து அண்ணன் வந்து கூப்பிட்டார். அண்ணி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார். போகவில்லை. வெற்றிலைக் கொடிக்காலில் இலை அடுக்கும் கூலிக்கு மாமியாரும் போவார், நானும் போவேன். ஒரே கொடிக்கால், ஒரே நிழல். அவர் ஒரு கோடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார், நான் ஒரு கோடியில். ஐப்பசி வந்தது, போனது. பேச்சு வரவில்லை. ராத்திரி படுக்கப் போகுமுன் என் குரல் எனக்கே மறந்துவிடுமோ என்று அடுப்போடு பேசுவேன். சிரிக்காதீர்கள். தனியாக இருந்தவர்களுக்குத் தெரியும்.

தை மாதம் அம்மைப்பால் குத்த வந்த சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர், சாவடியில் வைத்து ஒரு சமாசாரம் சொன்னார். எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களை மதுரைப் பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பிரசவம் பார்க்கப் பழக்குகிறார்களாம். இருக்க இடமும் சாப்பாடும் உண்டு. படித்து முடித்தால் சொந்தத் தாலுகாவிலேயே வேலை. விதவைகளுக்கு முதல் இடம். எங்கள் பக்கத்திலிருந்து இன்னும் ஒருத்தியும் எழுதிப் போடவில்லை என்று வருத்தப்பட்டார்.

எல்லோரும் கலைந்துபோன பிறகு நான் அங்கேயே நின்றேன். அந்த ஐப்பசியில் ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒரு கை இருந்திருந்தால் என்று மனசு அடித்துக்கொண்டது. விண்ணப்பத் தாளைக் கேட்டு வாங்கினேன்.

என் கையாலேயே எழுதினேன். பெயர், ஊர், வயது, படிப்பு எல்லாம் எழுதிவிட்டேன். கடைசியில் ஒரு வரி: சம்மதம் தரும் உறவினர். அந்த வரிக்காக ஆண்டிபட்டிக்குப் போனேன். அண்ணன் தாளைத் தொடக்கூட இல்லை.

"ஊர் ஊராப் போயி கண்டவ பிள்ளையக் கழுவி விடுறதுக்கா ஒன்ன அஞ்சாப்பு வரைக்கும் அனுப்பினோம்? நம்ம சனத்துல எவ செஞ்சிருக்கா இதை?" என்றார். அண்ணி உள்ளே இருந்து, "போறவளைப் பிடிச்சு வைக்கவா முடியும்? போயிட்டு வந்தா குளிச்சிட்டு வாசல்லயே நிக்கச் சொல்லுங்க" என்றாள்.

அந்த வரியைக் காலியாகவே விட்டுத் தபாலில் சேர்த்தேன். மாமியாரிடம் கேட்கவில்லை. பேசாதவரிடம் எப்படிக் கேட்பது?

பிறகு பதிலே இல்லை. மாசி போனது, பங்குனி போனது. சித்திரை பிறந்து வீரபாண்டி அம்மன் கோயிலில் கம்பம் நட்டார்கள். நம் பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரருக்குச் சொல்கிறேன்: முக்கிளையாகப் பிரிந்த மரக்கம்பத்தைச் சன்னதி முன்னால் நட்டுவிட்டால், திருவிழா முடியும்வரை சனங்கள் முல்லையாற்றில் முழுகி, ஈரத்துணியோடு குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து அதற்கு ஊற்றுவார்கள். நேர்ச்சை உள்ளவர்கள் கையில் மஞ்சள் கயிறு காப்புக் கட்டிக்கொண்டு, விரதம் இருந்து, தீச்சட்டி எடுப்பார்கள். காப்புக் கட்டினவர்கள் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. இது எங்கள் தலைமுறை தலைமுறையாக உள்ள கட்டு.

நானும் நேர்ந்துகொண்டேன். "ஆத்தா, அந்தப் படிப்பு எனக்குக் கிடைக்கணும். தீச்சட்டி எடுக்கிறேன்." காப்புக் கட்டிக்கொள்ளப் போய் வரிசையில் நின்றேன். பின்னால் நின்றவள் ஒருத்தி கூட்டத்துக்குக் கேட்கும்படி, "தாலிக்கயிறு அறுந்த கழுத்துக்காரிக்கு மஞ்சக் கயிறு கேக்குதாக்கும்" என்றாள். கையை மடக்கிக்கொண்டு திரும்பிப் போகப் பார்த்தேன்.

பூசாரி தலை நிமிராமலே சொன்னார். "ஆத்தா கழுத்தப் பாக்கிறவ இல்ல. கையப் பாக்கிறவ. நீட்டு தாயி."

கட்டிவிட்டார். அந்த ஈரக்கயிறு மணிக்கட்டில் பட்டபோது எனக்கு அழுகை வந்தது. ஒரு மனுஷக் கை என்னைத் தொட்டு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

இனிமேல்தான் நான் செய்த கூத்து. காப்புக் கட்டின மூன்றாவது நாளோ நாலாவது நாளோ தபால்காரர் ஒரு கார்டு கொண்டுவந்து கொடுத்தார். வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மதுரை ஆஸ்பத்திரியில் நேர்காணல். சம்மதம் தரும் உறவினரோடு நேரில் வர வேண்டும். தவறினால் அடுத்த வருஷம்தான் எழுதிப் போடலாம்.

வியாழக்கிழமை காப்புக்குள் வந்தது!

காலை ரயில் மதுரை போய்ச் சேரும்போது உச்சி ஆகிவிடும். பஸ்ஸும் அப்படித்தான். பத்து மணிக்கு அங்கே நிற்க வேண்டுமானால் முதல் நாளே போய் ராத்தங்க வேண்டும். தங்கினால் காப்பு முறிந்துபோகும். போகாவிட்டால் படிப்புப் போகும். எந்தப் படிப்புக்காகக் கயிறு கட்டினேனோ, அந்தக் கயிறே என்னைக் கட்டிப் போட்டுவிட்டது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த கதை என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். எனக்கு அது நிஜமாகவே குறுக்கே வந்து நின்றது. கார்டை வாசித்துக்காட்டியபோது தபால்காரரே சிரித்துவிட்டார். "கொஞ்சம் பொறுத்துக் கட்டியிருக்கக் கூடாதா தாயி" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. என்னைப் போல் ஒருத்தியை அவர் பார்த்திருக்க மாட்டார்.

பூசாரியிடம் ஓடினேன். காப்பை அவிழ்த்துவிடலாமா என்று மட்டும் கேட்கவில்லை. அது வாயில் வரவில்லை. போகலாமா என்று கேட்டேன்.

"போகக் கூடாதுன்னு யாரு சொன்னது? பெரியவுக சொன்னது ராத்தங்கக் கூடாதுன்னுதான். விளக்கு வைக்கிறதுக்குள்ள எல்லைக்குள்ள காலை வெச்சிரு. அங்கன பச்சைத்தண்ணி பல்லுல படக் கூடாது" என்றார்.

பாதிக் கதவு திறந்தது. மறுபாதி? விடியுமுன் கிளம்பி மதுரை போகிற வண்டி எது? எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். எங்கள் கொடிக்கால் வெற்றிலையை வாங்குகிற உத்தமபாளையத்து ராவுத்தரின் லாரி. கோழி கூப்பிடும் நேரத்தில் எங்கள் ஊரில் கட்டுகளை ஏற்றிக்கொண்டு மதுரை மண்டிக்குப் போய், சாயங்காலம் வெறும் வண்டியாகத் திரும்பும்.

புதன்கிழமை கொடிக்காலுக்கு ராவுத்தர் வந்தபோது எழுந்துபோய்க் கேட்டேன். நான் ஒரு ஆம்பளையிடம் நின்று பேசியதைப் பார்த்து இலை அடுக்கின கைகள் எல்லாம் நின்றுபோயின. ராவுத்தர் நல்ல மனுஷர், பேச்சிலே கொஞ்சம் கேலி உண்டு. கார்டை வாங்கிப் பார்த்தார். என் கைக் கயிற்றைப் பார்த்தார்.

"ஏத்திட்டுப் போறதுல எனக்கு என்னத்தா? வெத்தலையோட ஒரு கட்டா உக்காந்துக்க. ஆனா ஒத்தையில ஏத்துனா ஊரு ஒன்னையும் பேசும், என்னையும் பேசும். எனக்குத் தாடி நரைச்சிருச்சு, போகட்டும். நீ இங்கன பொழைக்கணும். வீட்டாளு ஒருத்தரக் கூட்டிக்கிட்டு வா. கண்ண மூடி ஏத்திக்கிறேன்."

அவர் சொன்னது நியாயம். நியாயம் என்பதால்தான் அப்படி வலித்தது. கார்டும் அதையே கேட்டது, ராவுத்தரும் அதையே கேட்டார். வீட்டாள் ஒருத்தர். உலகத்தில் எல்லோருக்கும் இருக்கிற ஒன்று, எனக்கு இல்லாத ஒன்று. தனிமரம் தோப்பாகாது என்பார்கள். தனிமரத்துக்கு அது தெரியாதா என்ன? தோப்புக்கு எங்கே போகும்?

அன்று சாயங்காலம் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். மேளம், கூட்டம், வேப்பிலை வாசம். குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். ஒருத்தி குடத்தைப் பிள்ளை பிடித்துக்கொள்கிறது, ஒருத்தி ஈரத் தலையைப் புருஷன் துவட்டுகிறான். அத்தனை கூட்டத்தில் என் தோள் மேல் பத்துத் தோள் இடித்தது. ஆனாலும் நான் ஒருத்திதான். குடத்தைக் கம்பத்தில் கவிழ்த்தேன். அதுவரை படிப்பைக் கொடு, படிப்பைக் கொடு என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வாய் தானாக வேறொன்றைக் கேட்டது.

"ஆத்தா, எனக்கு ஒரு ஆளைக் காட்டு."

கம்பத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு அதையே சொல்லிக்கொண்டு நின்றேன். யாரோ பின்னாலிருந்து, நகரு தாயி, மத்தவுக ஊத்த வேண்டாமா என்றார்கள். நகர்ந்தேன்.

கோழி கூப்பிட எழுந்தேன். மாமியார் படுக்கும் இடம் வெறுமையாக இருந்தது. ஆற்றுக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். ஆள் இல்லை, ஏற மாட்டேன் என்று தெரியும். ஆனாலும் முழுகி, வெளுத்த சேலை கட்டி, கார்டை முந்தியில் முடிந்துகொண்டு லாரி நிற்கும் இடத்துக்குப் போனேன். ஏனென்று கேட்காதீர்கள், கால் போனது.

லாரியில் கட்டுகள் ஏற்றியாகிவிட்டது. வாழைமட்டை வைத்துக் கட்டி, தண்ணீர் தெளித்து, ஈரச்சாக்கு போர்த்தியிருந்தார்கள். அந்தச் சாக்கின் மேலே, முக்காடு போட்டு, மடியில் ஒரு துணிமூட்டையோடு ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தது. அரிக்கேன் விளக்கை ராவுத்தர் தூக்கிக் காட்டினார்.

என் மாமியார்.

"என்னத்தா முழிக்கிறே? ஏறு. விடிஞ்சிரும்" என்றார் மாமியார்.

அந்தக் குரலைக் கேட்டு ஒன்றரை வருஷத்துக்கு மேல் இருக்கும். கொஞ்சம் கரகரத்துப் போயிருந்தது. பழகாத கதவு திறக்கிற சத்தம் மாதிரி. முந்தின நாள் கொடிக்காலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாரே, காது என் பக்கம்தான் இருந்திருக்கிறது. ராவுத்தர் கையைக் கொடுத்து என்னை ஏற்றிவிட்டுப் போய் முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

தேனி தாண்டும்வரை இருவரும் பேசவில்லை. எனக்குப் பேசப் பயம். பேசினால் இறங்கிவிடுவாரோ என்று பயம். ஆண்டிபட்டிக் கணவாயில் வண்டி முக்கி முனகி ஏறும்போது கிழக்கு வெளுத்தது. அப்போது அவராகவே சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பிள்ள வயித்துல சாகல. உசிரோடதான் வந்துச்சு. கழுத்துல கொடி சுத்தியிருந்துச்சு. அத அவுக்கணுமா அறுக்கணுமான்னு எனக்குத் தெரியல. கைய வெச்சுக்கிட்டு நின்னேன். நீலமாயி அடங்கிப்போச்சு. நீ மயக்கத்துல கெடந்தே. ஒங்கிட்ட எப்பிடிச் சொல்லுவேன்? சொல்ல முடியாம வாய மூடுனேன். மூடுன வாய் பெறகு தெறக்க வரல."

அன்பானவர்களே, நான் அவர் என்னை வெறுக்கிறார் என்று நினைத்திருந்தேன். அவர் தன்னை வெறுத்துக்கொண்டிருந்தார். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேரும் ஒரே பிள்ளைக்காக அழுதிருக்கிறோம், தனித்தனியாக, சுவரைப் பார்த்து.

அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். சாக்குத் தண்ணீர் எங்கள் சேலையில் சொட்டிக்கொண்டே வந்தது.

ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால் நிறையப் பேர் இருந்தார்கள். தகப்பனோடு வந்தவர்கள், அண்ணனோடு வந்தவர்கள், செருப்புப் போட்டவர்கள், குடை வைத்திருந்தவர்கள். திண்டுக்கல் பக்கத்துக் கிறிஸ்தவப் பிள்ளை ஒன்று எனக்கு அருகில் உட்கார்ந்து கண்ணை மூடி முணுமுணுத்தது. கண்ணைத் திறந்து என் கயிற்றைப் பார்த்துவிட்டு, "நீங்களும் இதுக்குத்தான் ஜெபம் பண்றீங்களாக்கா?" என்று கேட்டது. ஆமாம் என்றேன். "அப்ப ரெண்டு பேருக்கும் கிடைக்கட்டும்" என்றது. நல்ல பிள்ளை.

பத்து மணி போனது. பன்னிரண்டு போனது. என் பெயர் கடைசிக்குப் போய்விட்டது, உறவினர் வரி காலியாக இருந்ததால். ராவுத்தர் இரண்டு மணிக்கு மண்டியை விட்டுக் கிளம்புகிறவர். இரண்டும் அடித்தது. மாமியார் துணிமூட்டையை இறுக்கிக்கொண்டார். அதில் அவல் இருந்தது. நான் விரதம் என்பதால் அவரும் அதைத் தொடவில்லை. படிப்பும் போய், வண்டியும் போய், காப்பும் முறிந்து, இந்தப் பட்டணத்தில் நிற்கப் போகிறோம் என்று நினைத்தேன். ஆத்தா, ஆளைக் காட்டினாய், இன்னும் கொஞ்சம் வழியையும் காட்டு என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்று மணிக்கு மேல் கூப்பிட்டார்கள். டாக்டரம்மா களைத்துப்போய் இருந்தார். ஒரு அச்சுத் தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். தண்ணீரைக் கொதிக்கவைப்பதைப் பற்றியது. நடுவில் ஒரு சொல்லில் தடுக்கி, மறுபடி கூட்டி வாசித்தேன். பிறகு அவர் கண் என் மணிக்கட்டில் நின்றது.

"இது என்ன?"

காப்பு என்றேன்.

"பிரசவ அறைக்குள்ள கயிறு, வளையல், மோதிரம் ஒண்ணும் கூடாது. முழங்கை வரைக்கும் வெறுங்கையா இருக்கணும். இப்ப கழட்டச் சொன்னா கழட்டுவியா?"

கழற்றுகிறேன் என்று ஒரு சொல் சொன்னால் இடம் கிடைத்துவிடும் என்று தோன்றியது.

"இப்ப முடியாதும்மா. வாக்குக் கொடுத்திருக்கேன். திருவிழா முடிஞ்சு ஆத்துல அவுத்து விட்டதும் எங்கையில ஒண்ணும் இருக்காது. வளையலும் இல்ல, மோதரமும் இல்ல. எனக்கு வெறுங்கை பழக்கம்மா" என்றேன்.

டாக்டரம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த குமாஸ்தா தாளைப் புரட்டி, சம்மதம் தருகிறவர் இல்லையே, தகப்பனார் இல்லையா, அண்ணன் இல்லையா என்று கேட்டார். நான் வாசல் பக்கம் திரும்புமுன்பே மாமியார் உள்ளே வந்துவிட்டார். புருஷன் வீட்டில் வேறு ஆண்பிள்ளை யாரும் உண்டா என்று குமாஸ்தா கேட்டார்.

"யாரும் இல்ல சாமி. இவளுக்கு நான், எனக்கு இவ."

டாக்டரம்மா அவரைப் பார்த்து, "மருமகளை வேண்டாம்னு தடுக்கத்தான் மாமியார்கள் இங்க வருவாங்க. நீங்க எதுக்குச் சம்மதிக்கிறீங்க?" என்றார்.

மாமியார் யோசிக்கவில்லை. "ஆத்துல தண்ணி போகையில எங்க கரையில தெரிஞ்சவ ஒருத்தி வேணும்மா. தெரியாதவ கை என்ன செய்யும்னு எனக்குத் தெரியும்."

குமாஸ்தா மைப்பெட்டியை நகர்த்தினார். என் மாமியார் பெருவிரலை அழுத்தி வைத்தார். அடுக்கி அடுக்கி வெற்றிலைக் கறை ஏறின விரல். டாக்டரம்மா என்னிடம் ஒரே வார்த்தைதான் சொன்னார். "ஆனி பிறந்ததும் வா. வெறுங்கையோட வா."

வெளியே வந்து இரண்டு பேரும் ஓடினோம். வெயில் சாய்ந்துவிட்டது. லாரி போயிருக்கும் என்று தெரிந்தே ஓடினோம். மண்டி வாசலில் லாரி நின்றது. வெறும் வண்டியின் பலகையில் சாய்ந்துகொண்டு ராவுத்தர் நின்றார்.

"வாங்கத்தா, வாங்க. எறக்குனதுக்கு அப்புறமும் ராவுத்தர் யாருக்குக் காத்துக்கிட்டு நிக்கிறாருன்னு மண்டிக்காரக எல்லாரும் கேலி பண்ணி முடிச்சிட்டாக. காப்புக் கட்டுன பிள்ளைய நடுவழியில விட்டுட்டு வந்து, ஒங்க ஆத்தாகிட்ட நான் என்ன பதில் சொல்றது?" என்றார். "ஏறுங்க. மலை சூரியன முழுங்குறதுக்குள்ள சேந்துருவோம்."

நம் பள்ளத்தாக்கில் மேற்கு மலை பொழுதைச் சீக்கிரம் விழுங்கிவிடும் அல்லவா? கணவாய் இறங்கும்போதே நிழல் நீண்டுவிட்டது. தேனி தாண்டினதும் ரோடெல்லாம் வீரபாண்டிக்குப் போகிற சனம். குடமும் வேப்பிலையுமாக நடக்கிறார்கள், வண்டி நகர வழியில்லை. நான் எழுந்து நின்று மலைமுகட்டைப் பார்ப்பதும் உட்காருவதுமாக இருந்தேன். மாமியார்தான், "ஒக்காரு. இந்நேரம் வரைக்கும் கூட வந்த ஆத்தா இந்த நாலு மைலுக்கா விட்டுருவா?" என்றார்.

எல்லைக்கல்லுக்கு அருகே இறங்கினபோது மலைமேல் ஒரு விரற்கடை வெளிச்சம் இருந்தது. ஊரில் ஒரு வீட்டிலும் இன்னும் விளக்கு வைக்கவில்லை. உடுத்தின துணியோடு ஆற்றில் இறங்கி முழுகினோம். குடம் எடுத்து வரவில்லை. யாரோ ஒரு புண்ணியவதி தன் குடத்தைக் கொடுத்தாள். ஒரே குடத்தை இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு போய் ஆத்தாளுக்கு ஊற்றினோம். முந்தின நாள் நான் ஒற்றையாக நெற்றியை வைத்து நின்ற அதே கம்பம்.

தீச்சட்டி எடுத்தேன். வேப்பிலையோடு பின்னால் நடந்து வந்தவர் என் மாமியார். மஞ்சள் கயிறு கேட்குதாக்கும் என்று பேசினவள்கூட வழியில் என் காலுக்குத் தண்ணீர் ஊற்றினாள். ஊர் அப்படித்தான். அதுவே பேசும், அதுவே ஊற்றும்.

ஆனியில் மதுரைக்குப் போனேன். அங்கேயும் தனிமைதான், பொய் சொல்ல மாட்டேன். பெரிய பெரிய அறைகள், தெரியாத முகங்கள், ராத்திரியில் ஊர் ஞாபகம். மாதம் ஒரு தடவை ராவுத்தர் லாரியில் ஒரு பொட்டலம் வரும். உள்ளே அவலும், நான்கு வெற்றிலையும் இருக்கும். எழுதத் தெரியாதவர் அனுப்பும் கடிதம் அதுதான். திண்டுக்கல் பிள்ளைக்கும் இடம் கிடைத்திருந்தது. இரண்டு பேரும் பங்கு போட்டுச் சாப்பிடுவோம்.

படித்து முடித்து நம் பக்கத்துக்கே வந்தேன். இப்போது ஆற்றுக்கு இரு கரையிலும் என்னைக் கூப்பிடுகிறார்கள். ஆரம்பத்தில் வாசலோடு நிறுத்தினவர்கள் இன்று உள்ளே பாய் விரிக்கிறார்கள். ஆண்டிபட்டி அண்ணிக்கும் நான்தான் பார்த்தேன். குளித்துவிட்டு வாசலில் நிற்கச் சொல்லவில்லை. "அழுதாலும் பிள்ளை அவள்தான் பெற வேண்டும்" என்று பழமொழி சொல்கிறவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால் அழும்போது பக்கத்தில் ஒரு ஆள் இருக்கலாம் என்பதை அதோடு சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

எந்த நேரத்தில் நான் திரும்பி வந்தாலும் மாமியார் விழித்திருப்பார். கால் கழுவத் தண்ணீர் வைத்திருப்பார். ஆணா பெண்ணா என்று கேட்க மாட்டார். ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: "அழுதுச்சா?" "அழுதுச்சு அத்தை" என்பேன். அதன் பிறகுதான் படுப்பார். கொடி சுற்றிப் பிறந்த பிள்ளையை நான் முதன்முதலில் அவிழ்த்து எடுத்த நாளில், அதையும் சொன்னேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

போன தையில் அவர் போய்விட்டார். வீடு மறுபடியும் பேச்சில்லாமல் ஆகிவிட்டது. ஆனால் இந்த அமைதி அந்த அமைதி இல்லை.

இதை வாசிக்கிறவர்களில் என்னைப்போல் ஒற்றையாக நிற்கிறவர்கள் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதினேன். எது வேண்டுமோ அதை ஆத்தாளிடம் கேளுங்கள், தப்பில்லை. அதோடு ஒரு ஆளையும் கேளுங்கள். கேட்டுவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டே நிற்காதீர்கள். அவள் அனுப்புகிற ஆள் உங்கள் வீட்டிலேயே, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

நேற்றும் ஒரு பிரசவம். நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்து, நானே தண்ணீர் எடுத்துக் கால் கழுவிக்கொண்டு, மாடத்து விளக்கைத் தூண்டினேன். கேட்க ஆள் இல்லை. ஆத்தாளின் முன்னால் நின்று நானாகவே சொன்னேன்.

"அழுதுச்சு. நல்லா அழுதுச்சு."